முதல் உழவர்களும் வரைபட அம்புகளும்: பீட்டர் பெல்வுட்டின் நூல் குறித்து ஒரு திறனாய்வு

படிவம் ஒன்று வரலாற்றில் பழைய கற்காலம், இடைக் கற்காலம், புதிய கற்காலம், உலோகக் காலம் என்று வரிசையாகப் படிக்கிறோம். புதிய கற்காலம் வந்ததும் மாணவர்கள் இரண்டே வரியில் விடை எழுதி முடித்துவிடுவார்கள்: மனிதன் பயிர் செய்யத் தொடங்கினான், ஓரிடத்தில் நிலையாகத் தங்கினான். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் எந்த மனிதன்? எந்தப் பயிர்? அவன் ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்தவனா, வேறெங்கிருந்தோ வந்தவனா? வந்தவன் என்றால், அங்கே முன்பே இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்விகளுக்கு உலக அளவில் விடை தேடிய நூல்களில் முக்கியமானது பீட்டர் பெல்வுட் எழுதி 2005இல் வெளிவந்த 'ஃபர்ஸ்ட் ஃபார்மர்ஸ்'. 'முதல் உழவர்கள்' என்று தமிழில் சொல்லலாம். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தொல்லியலாளர் இவர். மலேசிய, இந்தோனேசியத் தீவுகளின் தொல்வரலாற்றைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். அதனால் இந்த நூலில் நம் வட்டாரத்துக்கும் நல்ல இடம் உண்டு, தென்னிந்தியாவும் வருகிறது. தமிழாசிரியர்களும் மேல்நிலை மாணவர்களும் இதை வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் எப்படி வாசிப்பது என்பதில் கவனம் வேண்டும். அதற்காகத்தான் இக்கட்டுரை. நூலின் முதல் பதிப்பை வைத்தே பேசுகிறேன்.

நூல் சொல்வது என்ன?

உலகில் உழவு ஒரே இடத்தில் பிறக்கவில்லை. மேற்காசியாவின் பிறை வடிவ வளநிலத்தில் கோதுமை, பார்லி, பருப்பு வகைகள், சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியில் நெல், வட சீனாவில் தினை வகைகள், நியூகினி மேட்டுநிலத்தில் வாழை, சேம்பு, மெக்சிகோவில் மக்காச்சோளம், ஆப்பிரிக்காவில் சோளம், கம்பு. இப்படிப் பல இடங்களில், ஒன்றையொன்று அறியாமலே, மனிதர்கள் காட்டுச் செடிகளை வீட்டுப் பயிராக்கினார்கள். இதுவரை பெரிய சர்ச்சை இல்லை.

பெல்வுட்டின் தனி வாதம் அடுத்துத் தொடங்குகிறது. உழவு செய்யும் குடும்பத்தில் குழந்தைகள் அதிகம் பிறந்தன. நிலையான இருப்பிடம், கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுக்கத் தானியம், பிள்ளைப்பேறுகளுக்கு இடையே குறைந்த இடைவெளி என்று காரணங்கள் பல. மக்கள்தொகை பெருகியது, நிலம் போதவில்லை, அடுத்த தலைமுறை அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனது. போனவர்கள் விதையை மட்டும் எடுத்துப் போகவில்லை. தங்கள் மொழியையும் எடுத்துப் போனார்கள். இன்று உலகில் பரந்து கிடக்கும் பெரிய மொழிக்குடும்பங்கள் பல, இப்படி நகர்ந்த உழவர்களின் வழித்தடங்களே என்கிறார் அவர்.

இது துணிச்சலான வாதம். மண்ணைத் தோண்டும் தொல்லியல், சொற்களை ஒப்பிடும் மொழியியல், உடலின் மரபைப் படிக்கும் மரபியல் ஆகிய மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருகிறது. 'விவசாயம் என்ற எண்ணம்தான் பரவியது, மக்கள் அவ்வளவாக நகரவில்லை' என்ற கருத்து தொல்லியலாளர் பலரிடம் செல்வாக்குப் பெற்றிருந்த காலத்தில், 'இல்லை, மக்களே நகர்ந்தார்கள்' என்று பெல்வுட் உறுதியாக நின்றார்.

சரி, இந்த வாதத்தை எப்படிச் சோதிப்பது? மாணவர்களுக்குப் புரியும்படி மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொள்வோம். ஆள் நகர்ந்தாரா? பயிர் நகர்ந்ததா? மொழி நகர்ந்ததா? பெல்வுட் இந்த மூன்றையும் பெரும்பாலும் ஒரே அம்பாக வரைகிறார். மூன்றும் சேர்ந்தே போன இடத்தில் அவர் நூல் அருமையாக நிற்கிறது. பிரிந்து போன இடத்தில் தடுமாறுகிறது.

கடல் வழியில் வெற்றி

நூலின் மிக வலுவான பகுதி ஆஸ்திரோனேசிய மக்களைப் பற்றியது. மலாய்மொழி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், நம் மாணவர்கள் கையில் சான்று தயாராகவே இருக்கிறது. மலாயில் நெல்லுக்குப் பாடி. பிலிப்பீன்ஸின் தகாலோகு மொழியில் பாலாய். தைவான் பழங்குடியினரின் பைவான் மொழியில் பாடாய். மலாயில் அரிசி பெராஸ், தகாலோகில் பிகாஸ். ஐந்து என்ற எண் மலாயில் லீமா, தகாலோகிலும் லீமா, நியூசிலாந்து மாவோரி மொழியில் ரீமா. இவை கடன் வாங்கிய சொற்கள் அல்ல. ஒரே தாய்மொழியிலிருந்து முறையான ஒலிமாற்றத்தோடு வந்தவை.

தொல்லியலும் இதற்கு ஒத்துப்போகிறது. சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன் தைவானில் உழவர் குடியிருப்புகள். சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன் வட பிலிப்பீன்ஸில் அதே மரபின் தொடர்ச்சி. 3000 ஆண்டுகளுக்குச் சற்று முன் பசிபிக்கின் மேற்கில் 'லப்பித்தா' எனப்படும் அலங்காரப் பானைகள். அடுத்த சில நூற்றாண்டுகளில் தொங்கா, சமோவா. 2016இல் வனுவாட்டு, தொங்கா தீவுகளின் பழைய எலும்புகளிலிருந்து மரபணு எடுத்தபோது, அந்த முதல் குடியேறிகள் வழியில் நியூகினி வட்டார மக்களோடு பெரும்பாலும் கலக்காமலே கிழக்காசிய மரபோடு வந்து சேர்ந்திருந்தது தெரிந்தது. பெல்வுட் 2005இல் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஆனால் இந்த வெற்றிக்குள்ளேயே ஒரு நெருடல் இருக்கிறது. பசிபிக்கின் கிழக்கே போகப் போக நெல் காணாமல் போகிறது. பொலினீசிய மக்கள் சேம்பு, வள்ளிக்கிழங்கு, வாழை, ஈரப்பலாவை நம்பி வாழ்ந்தார்கள். இவற்றில் பல நியூகினி வட்டாரத்தில் பயிராக்கப்பட்டவை. நியூகினியின் குக் சதுப்பு நிலத்தில் சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன்பே மேடு கட்டிப் பயிர் செய்த தடயங்கள் உள்ளன. 2008இல் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக அறிவித்தது. அப்படின்னா என்ன பொருள்? ஆள் நகர்ந்தார், மொழி நகர்ந்தது. பயிர் பாதி வழியில் மாறிவிட்டது. வந்தவர்கள் வழியில் இருந்தவர்களிடம் கற்றுக்கொண்டார்கள். இந்தக் கற்றலைப் பெல்வுட் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய கதையில் அது ஓரமாகத்தான் நிற்கிறது.

ஐரோப்பாவில் பாதி வெற்றி

இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியிலிருந்து உழவர்கள் கிரேக்கத்துக்கும், பிறகு மெல்ல மெல்ல வடமேற்கே பிரித்தானியத் தீவுகள் வரையிலும் போனார்கள். கி.மு. 6500ஐ ஒட்டித் தொடங்கிய பயணம் பிரித்தானியாவை அடைய ஏறக்குறைய 2500 ஆண்டுகள் ஆயின. சராசரியாக ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டர் என்று பழைய கணக்கு ஒன்று சொல்கிறது. யாரும் 'இடம்பெயர்கிறோம்' என்று நினைத்துக்கூட இருக்கமாட்டார்கள்; மகன் அப்பாவின் வயலுக்குப் பக்கத்து வயலைத் திருத்தியிருப்பான், அவ்வளவுதான். தொல்மரபணு ஆய்வுகள் இந்த நகர்வை உறுதி செய்துவிட்டன. 'ஆள் நகர்ந்தாரா?' என்ற கேள்வியில் பெல்வுட் வென்றார்.

'மொழி நகர்ந்ததா?' என்பதில்தான் இடி விழுந்தது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவர்கள் இந்த உழவர்களே என்று காலின் ரென்ஃப்ரூ 1987இல் முன்வைத்த கருத்தைப் பெல்வுட்டும் ஆதரித்தார். ஆனால் 2015இல் வெளிவந்த மரபணு ஆய்வு, கி.மு. 3000க்குப் பிறகு கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளிகளிலிருந்து மாடு, குதிரை மேய்த்த மக்கள் பெருமளவில் ஐரோப்பாவுக்குள் வந்ததைக் காட்டியது. ஐரோப்பாவின் பெரும்பாலான இந்தோ-ஐரோப்பிய மொழிகள் அவர்களோடுதான் வந்திருக்கும் என்று ஆய்வாளர் பலர் இன்று கருதுகிறார்கள். முதல் உழவர்கள் பேசிய மொழிகள் பெரும்பாலும் மறைந்துபோயின. உழவர் கூட்டம் ஒரு கண்டத்தையே நிரப்பிய பிறகும் அவர்கள் மொழி நிலைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. நூலின் அடிப்படை விதிக்கே இது ஒரு பெரிய விலக்கு.

நம் தீபகற்பத்தில் என்ன நடந்தது?

மலேசிய, சிங்கப்பூர் வாசகர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. ஒரு காலத்தில் பள்ளிகளில் 'மெலாயு புரோட்டோ', 'மெலாயு டியுட்ரோ' என்று இரண்டு அலைகளாக மக்கள் வடக்கிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஓர் அலை வந்து முந்தைய அலையைக் காட்டுக்குள் தள்ளியது என்பது அந்தக் கதை. பெல்வுட் இந்தப் பழைய அலைக் கதையை அப்படியே ஏற்பவர் அல்லர். மொழியையும் தொல்பொருளையும் வைத்துப் பேசுகிறார். அது ஒரு முன்னேற்றம்.

கிளந்தானில் குவா சா என்ற பாறைக்குகை இருக்கிறது. 1954இல் அங்கே முதல் பெரிய அகழாய்வு நடந்தது. 1979இல் தொல்லியலாளர் அடி ஹாஜி தாஹா மீண்டும் தோண்டினார். கீழ் அடுக்கில் வேட்டையாடி, உணவு தேடி வாழ்ந்தவர்களின் 'ஹோபின்யன்' கல் கருவிகள். மேல் அடுக்கில் அழகிய பானைகளோடும் வழவழப்பான கற்கருவிகளோடும் புதைக்கப்பட்ட புதிய கற்கால மனிதர்கள். இந்தப் பானைகளுக்குத் தாய்லாந்து வரை உறவு உண்டு. தெற்கு நோக்கி வந்த உழவர்கள் ஆஸ்திரோ-ஆசியக் குடும்ப மொழியைக் கொண்டுவந்தார்கள்; இன்றைய செமாய், தெமியார் முதலிய செனோய் மக்கள் அவர்களின் வழிவந்தவர்கள், உள்ளூர் மக்களின் கலப்பும் உண்டு என்பது பெல்வுட்டின் விளக்கம்.

இங்கதான் சுவையான சிக்கல். ஜஹாய், பாத்தேக் போன்ற செமாங் மக்கள் காட்டில் உணவு தேடி வாழ்ந்தவர்கள். ஆனால் அவர்களும் செனோய் மக்களைப் போலவே 'அஸ்லி' மொழிகளைத்தான் பேசுகிறார்கள். அதாவது மொழி வந்தது. அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். உழவை மட்டும் வாழ்க்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று கேள்விகளுக்கும் இங்கே வேறு வேறு விடை.

2018இல் தென்கிழக்காசியத் தொல்மரபணு ஆய்வுகள் வெளிவந்தன. குவா சாவில் கிடைத்த சுமார் 4000 ஆண்டு பழமையான எலும்பும், லாவோஸில் கிடைத்த சுமார் 8000 ஆண்டு பழமையான ஹோபின்யன் எலும்பும் ஒரே மரபைக் காட்டின. அந்த மரபு இன்றைய செமாங் மக்களுக்கும் அந்தமானின் ஓங்கே மக்களுக்கும் நெருக்கமானது. வியட்நாமின் பழைய உழவர் புதைகுழிகளில் வடக்கிலிருந்து வந்த மரபும் உள்ளூர் மரபும் கலந்திருந்தன. வந்தவர்கள் இருந்தவர்களை முழுவதும் துடைத்துவிடவில்லை. இருந்தவர்களே தாமாக உழவர்களாக மாறிவிடவும் இல்லை. நடந்தது கலப்பு, அதுவும் இடத்துக்கு இடம் வேறு அளவில்.

மானிடவியலாளர் ஜெஃப்ரி பெஞ்சமின் வேறொரு கோணம் தருகிறார். செமாங், செனோய், மலாயு என்ற மூன்று வாழ்முறைகளும் இந்தத் தீபகற்பத்திலேயே ஒன்றையொன்று பார்த்து, ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து உருவானவை என்பது அவர் வாதம். உழவு செய்யாமல் இருப்பது அறியாமையால் அல்ல. வேறு வகை வாழ்க்கையைத் தேர்ந்துகொண்டதால். மாணவர்களோடு ஒராங் அஸ்லி மக்களைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு மிக முக்கியம். 'பின்தங்கியவர்கள்' என்ற சொல் வகுப்பில் எவ்வளவு எளிதாக வந்து விழுகிறது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அம்புக்குறி வரைபடத்தை மட்டும் பார்க்கும் மாணவன், அம்பு கடந்து போன இடத்தில் யாரும் இல்லை, அல்லது இருந்தவர்கள் தோற்றவர்கள் என்றுதான் புரிந்துகொள்வான்.

நியாயமாகச் சொன்னால், பெல்வுட் தம் நூலில் இதற்கு இடம் விட்டிருக்கிறார். உழவு பிறந்த தாயக வட்டம், வேகமாகப் பரவிய வட்டம், பழையவர்களும் புதியவர்களும் உரசிக் கலந்த வட்டம், உழவு செய்ய இயலாத நிலத்துக்கு உழவர்கள் போய்ச் சேர்ந்த வட்டம் என்று நான்காகப் பிரிக்கிறார். நியூசிலாந்தின் தென் தீவில் குளிர் காரணமாகப் பயிர் விளையாமல் மாவோரி மக்கள் வேட்டைக்குத் திரும்பியது கடைசி வகை. இந்தப் பிரிவு மிக நல்ல கருவி. குறை என்னவென்றால், பரவிய வட்டத்துக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். உரசிய வட்டத்துக்குப் போதிய பக்கம் தரவில்லை.

தென்னிந்தியாவைப் பற்றி

தமிழ் வாசகர்கள் ஆவலோடு புரட்டும் பக்கங்கள் இவை. திராவிட மொழிகளும் மேற்கிலிருந்து உழவோடு வந்திருக்கலாம் என்ற கருத்துக்குப் பெல்வுட் சாதகமாக இருக்கிறார். தென்மேற்கு ஈரானின் பழைய ஈலாம் மொழியும் திராவிடமும் உறவுடையவை என்று டேவிட் மெக்ஆல்பின் முன்வைத்த கருதுகோள் அதற்குத் துணை. ஆனால் அந்த உறவை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இவ்வளவு மெல்லிய கயிற்றில் இவ்வளவு பெரிய பாரத்தைத் தொங்கவிட்டது நூலின் பலவீனமான இடம்.

மண் வேறு கதை சொல்கிறது. கர்நாடகம், ஆந்திரம், தெலுங்கானா பகுதிகளில் கி.மு. 3000ஐ ஒட்டித் தொடங்கிய புதிய கற்கால ஊர்களில், மாட்டுச் சாணத்தை எரித்து உண்டான பெரிய சாம்பல் மேடுகள் இருக்கின்றன. உத்நூர், புதிஹாள், சங்கனக்கல்லு ஆகியவை பெயர்பெற்ற இடங்கள். அங்கே கிடைத்த தாவர எச்சங்களைத் தொல்தாவரவியலாளர் டோரியன் ஃபுல்லர் ஆராய்ந்தார். முதன்மையான பயிர்கள் எவை தெரியுமா? உள்ளூர்ச் சிறுதானியங்கள், பாசிப்பயறு, கொள்ளு. மேற்காசியக் கோதுமையும் பார்லியும் பின்னரே வருகின்றன. ஆடுகளின் மூலம் மேற்காசியா. பயிர்களின் மூலம் தக்காணம். தென்னிந்தியா உழவை வாங்கிக்கொண்ட நிலம் மட்டுமன்று. சில பயிர்களைத் தானே உருவாக்கித் தந்த நிலம்.

2019இல் ராக்கிகடி என்ற சிந்துவெளி ஊரின் ஒரு பெண்ணின் மரபணு வெளியானது. அவருடைய முன்னோரில் ஈரானிய மரபுக்கு உறவான பகுதி, ஈரானில் உழவு தொடங்குவதற்கு முன்பே அங்குள்ளவர்களிடமிருந்து பிரிந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். ஈரானிய உழவர்கள் திரளாக வந்து சிந்துவெளியை நிரப்பினார்கள் என்ற எளிய கதைக்கு இது பொருந்தவில்லை. ஒரே ஒருவரின் மரபணு என்பதையும் மறக்கக்கூடாது.

இதைச் சொன்னதும் சில மாணவர்கள் எதிர்ப்பக்கம் தாவிவிடுவார்கள்: 'அப்படியானால் உலகின் முதல் உழவர்கள் தமிழர்களே' என்று. கட்டுரைப் போட்டிகளில் இந்த வரியை நாம் பார்க்காமல் இல்லை. திருக்குறளின் 104ஆம் அதிகாரம் உழவின் பெருமையைப் பேசுகிறது. உழவு எங்கே பிறந்தது என்று அது சொல்லவரவில்லை. மேற்காசியாவில் உழவு தொடங்கிச் சில ஆயிரம் ஆண்டுகள் கழித்தே தென்னிந்தியச் சாம்பல் மேடுகள் வருகின்றன. திராவிட மொழிக்குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4500 ஆண்டுகள் என்று 2018இல் ஒரு கணிப்பு வந்தது. கொள்ளையும் பாசிப்பயறையும் பயிராக்கிய மக்கள் நம் பெருமைக்குப் போதாதா? அவர்களுக்கு இல்லாத பட்டத்தை ஏன் சூட்ட வேண்டும்?

நடையும் அமைப்பும்

நூல் எளிதான வாசிப்பு அல்ல. ஒரு கண்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அடுத்தடுத்து ஊர்ப்பெயர்கள், காலக்கணக்குகள் வந்துகொண்டே இருக்கும். முழுவதும் படிக்க நேரமில்லாதவர்கள் உழவின் தோற்றம், தென்கிழக்காசியா, மொழிக்குடும்பங்கள் பற்றிய பகுதிகளைத் தேர்ந்து படிக்கலாம். பெல்வுட் தம் எதிர்த்தரப்பை மறைப்பதில்லை. மறுப்புகளைப் பெயர் சொல்லி எடுத்து விடை தருகிறார். திறனாய்வு எழுதப் பழகும் மாணவர்கள் இந்த நேர்மையைக் கவனிக்க வேண்டும்.

காலத்தைப் பற்றி இன்னொரு குறை. வரைபடத்தில் அம்பு வேகமாகத் தெரிகிறது. உண்மையில் எல்லாம் மிக மெதுவாக நடந்தது. காட்டு நெல்லின் மணி முற்றியதும் உதிர்ந்துவிடும். வீட்டு நெல் அறுக்கும்வரை கதிரில் நிற்கும். சீனாவின் தியான்லுவோஷான் என்ற இடத்தில் உதிராத வகையின் பங்கு 27 விழுக்காட்டிலிருந்து 39 விழுக்காடாக உயர ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆனது. பத்துப் பன்னிரண்டு தலைமுறைகள்! அந்த மக்கள் நெல்லோடு சேர்த்துக் காட்டுக் கொட்டைகளையும் பொறுக்கித் தின்றுகொண்டே இருந்தார்கள். இது 2009இல் வெளியான ஆய்வு. நூலுக்குப் பின் வந்தது. பாடம் நடத்தும்போது நாம் சேர்த்துச் சொல்லலாம்.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

முதலாவது, 'விவசாயம் கண்டுபிடிக்கப்பட்டது' என்று எழுத வேண்டாம். ஒருநாள் ஒருவர் கண்டுபிடித்ததல்ல அது. 'உருவானது', 'தோன்றி வளர்ந்தது' என்று எழுதப் பழக்குங்கள்.

இரண்டாவது, எந்த இடப்பெயர்வைப் பற்றி எழுதினாலும் ஆள், பயிர், மொழி என்ற மூன்றுக்கும் தனித்தனிச் சான்று கேளுங்கள். பானை கிடைத்தால் பானை வந்தது என்றுதான் பொருள். செய்தவரும் வந்தார் என்பதற்கு எலும்பு வேண்டும். பேசிய மொழிக்குச் சொல்லாய்வு வேண்டும்.

மூன்றாவது, பாடி, பெராஸ், லீமா போன்ற சொற்களை வைத்து ஒரு பாடவேளையே நடத்தலாம். மலாய்மொழி ஆசிரியரையும் வரலாற்று ஆசிரியரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நான்காவது, வரைபடத்தில் அம்பு போடும்போது, அம்பு போய்ச் சேரும் இடத்தில் முன்பே இருந்த மக்களின் பெயரையும் மாணவர்களை எழுதச் சொல்லுங்கள். பேராக் லெங்கோங்கில் 1991இல் எடுக்கப்பட்ட, 10,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான 'பேராக் மனிதன்' இந்தத் தீபகற்பத்தில் உழவு வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முறையாக அடக்கம் செய்யப்பட்டவர். அவரை விட்டுவிட்டு நம் நாட்டு வரைபடம் முழுமை பெறாது.

ஐந்தாவது, தேர்வு மாணவர்களுக்கு: 'பெல்வுட் சொல்வது சரியா, தவறா?' என்று வினா வந்தால் ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பசிபிக்கில் பெரும்பாலும் சரி. ஐரோப்பாவில் மக்களைப் பற்றிச் சரி, மொழியைப் பற்றி ஐயம். மலாயாத் தீபகற்பத்தில் கலப்பைக் குறைத்துச் சொன்னார். தென்னிந்தியாவில் சான்று போதவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தந்தால் விடை தானாக நிற்கும்.

மக்கள் நகர்ந்தார்கள் என்ற மையக் கருத்தைத் தொல்மரபணு ஆய்வுகள் பெருமளவு நிலைநாட்டியிருக்கின்றன. அதற்காகவே இந்த நூலுக்கு நம் பள்ளி நூலகங்களில் இடம் இருக்க வேண்டும். வாசிக்கும்போது பென்சிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அம்பின் முனையிலும் 'இங்கே முன்பு யார் இருந்தார்?' என்று எழுதி வாருங்கள்.